"நல்ல காப்பித்தூள் கால் கிலோ" என்று கேட்பதை நிறுத்துங்கள்

நீளமான பதிவு. ஒரு காப்பியைப் போட்டு வைத்துக்கொண்டு வாசியுங்கள். வாசித்து முடிக்கும்போது அந்தக் காப்பியின் மேலேயே உங்களுக்குச் சந்தேகம் வந்தால் எனக்குச் சந்தோஷம்.

நம் குடும்ப குரூப்பில் ஒரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. "சிக்கரி விஷம். ரோபஸ்டா கழிவு. நூறு சதவீதம் அராபிகா மட்டுமே உண்மையான காப்பி." மூன்றே வாக்கியம், மூன்றும் தப்பு. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பு. அதே குரூப்பில் மதினி ஒருத்தி, "எங்களுக்கு அதெல்லாம் தெரியாது, திக்கா இருந்தா நல்ல காப்பி" என்று எழுதியிருக்கிறாள். அது நாலாவது தப்பு. இந்த நாலுக்கும் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் காப்பி குடிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். காப்பி வாங்கத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைச்சல். வாங்கத் தெரியாததால் காசு போகிறது, ருசி போகிறது, மலையில் பாடுபட்டு விளைவித்தவன் பேரும் போகிறது.

சித்திரை வைகாசியில் ராஜபாளையம் மார்க்கெட்டில் போய் நின்று பாருங்கள். "சப்பட்டையா, பஞ்சவர்ணமா?" என்று கேட்காமல் ஒருத்தராவது மாம்பழம் வாங்குவாரா? கேட்பார்கள், மோந்து பார்ப்பார்கள், காம்பைத் திருகிப் பார்ப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கினால் "இன்னைக்குக் கிண்டினதா?" என்று கேட்காமல் பையை நீட்டுவதில்லை. அரிசிக் கடையில் பழசா புதுசா, எந்த ரகம் என்று பத்துக் கேள்வி. அதே ஆள் காப்பித்தூள் கடைக்குப் போனதும் வாயில்லாப் பூச்சி ஆகிவிடுகிறார். "அண்ணாச்சி, நல்ல காப்பித்தூள் கால் கிலோ." அவ்வளவுதான். எது நல்லது என்பதை அண்ணாச்சி தீர்மானிக்கிறார். தினமும் இரண்டு வேளை வயிற்றுக்குள் போகிற பொருளைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை.

சரி, என்னதான் கேட்க வேண்டும்? மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

முதலாவது, எந்தச் செடியின் கொட்டை? உலகத்தில் குடிக்கிற காப்பி ஏறக்குறைய முழுவதும் இரண்டு செடியிலிருந்து வருகிறது. அராபிகா ஒன்று, ரோபஸ்டா ஒன்று. அராபிகா உயரமான, குளிர்ந்த மலையைக் கேட்கும். நம் நாட்டில் பொதுவாக 1,000 மீட்டருக்கு மேல். அங்கே பழம் மெதுவாகப் பழுக்கும். கொட்டை இறுகும், சர்க்கரைச் சத்து சேரும். அதனால்தான் மணமும், நாக்கின் ஓரத்தில் ஒரு மெல்லிய புளிப்பும், குடித்த பிறகு ஒரு தித்திப்பும். ரோபஸ்டா அதைவிடத் தாழ்ந்த, வெக்கையான இடத்திலும் வரும். நோயைத் தாங்கும், நிறையக் காய்க்கும். அதன் ருசி கசப்பு, கனம், வறுத்த தானியம் போல ஒரு வாசனை. கையில் எடுத்துப் பார்த்தே சொல்லிவிடலாம். அராபிகா நீள்வட்டமாக இருக்கும், நடுக்கோடு நெளிந்து போகும். ரோபஸ்டா சற்று உருண்டை, கோடு நேராக இருக்கும்.

இன்னொரு வித்தியாசம் முக்கியமானது. காபின் என்கிற சத்து அராபிகாவில் சுமார் 1.2 முதல் 1.5 சதவீதம். ரோபஸ்டாவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "டீச்சர், எனக்குக் காப்பி ஒத்துக்கலை, படபடன்னு வருது, ராத்திரி தூக்கம் வரலை" என்று சொல்கிற பிள்ளைகளே, என்ன கொட்டை குடிக்கிறீர்கள் என்று என்றைக்காவது பார்த்தீர்களா? மருந்து சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் எதைக் குடிக்கிறோம் என்றே தெரியாமல் டாக்டரிடம் போய் என்ன சொல்வீர்கள்?

இரண்டாவது, பழத்திலிருந்து கொட்டையை எப்படி எடுத்தார்கள்? சிவந்த பழத்தைப் பறித்த அன்றே தோலை உரித்து, வழவழப்பை ஊறவைத்துக் கழுவி, மேலே ஒரு காகிதம் போன்ற உறையோடு காயவைப்பது ஒரு முறை. அராபிகாவை இப்படிச் செய்தால் கடையில் "பிளான்டேஷன்" என்பார்கள். ரோபஸ்டாவை இப்படிச் செய்தால் "பார்ச்மென்ட்". ருசி தெளிவாக இருக்கும். பழத்தை அப்படியே களத்தில் கொட்டி வெயிலில் உலர்த்தி, பிறகு தோலை உடைப்பது இன்னொரு முறை. அதற்கு "செர்ரி" என்று பேர். கனமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். கவனமாக உலர்த்தினால் பழவாசனை வரும். கவனமில்லாமல் போட்டால் பூசண வாசனைதான் வரும்.

மூன்றாவது, ஏ, பி, சி, பீபெரி. இங்கேதான் நம்மை நன்றாக ஏமாற்றுகிறார்கள். "ஏ கிரேடு" என்றதும் முதல் வகுப்பில் தேறியது என்று நினைக்கிறோம். ஏ, பி, சி என்பது கொட்டையின் அளவு, சல்லடைக் கணக்கு. சுமார் 6.65 மில்லிமீட்டர் துளையில் விழாமல் நிற்கிற பெரிய கொட்டை ஏ. அதைவிடச் சிறியது பி. பெரிய கொட்டை சீராக வறுபடும், உடைசல் குறைவு, அதனால் விலை கூட. ஆனால் ருசிக்கு அந்த எழுத்து உத்தரவாதம் தராது. வகுப்பில் உயரமான பிள்ளையெல்லாம் கணக்கில் நூறு வாங்கியதா என்ன?

பீபெரி என்பது தனிச் செடியும் இல்லை, தனி ஊர்க் காப்பியும் இல்லை. சாதாரணமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டை முகத்தோடு முகம் ஒட்டியிருக்கும், அதனால் ஒரு பக்கம் தட்டை. சில பழத்தில் ஒன்று மட்டும் வளரும், உருண்டையாக இருக்கும். அதுதான் பீபெரி. எந்தச் செடியிலும் கொஞ்சம் காய்க்கும். அராபிகா பீபெரியும் உண்டு, ரோபஸ்டா பீபெரியும் உண்டு. "பீபெரி இருக்கு" என்று பெருமையாகச் சொல்கிற கடைக்காரரிடம், "எதுல பீபெரி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிடும், இந்த ஆளிடம் கதை விட முடியாதென்று.

இனி சிக்கரிக்கு வருவோம். சிக்கரி விஷம் இல்லை. நீலப் பூப் பூக்கிற ஒரு செடியின் கிழங்கு போன்ற வேர். வெட்டிக் காயவைத்து வறுத்துப் பொடிப்பார்கள். நெப்போலியன் காலத்தில் இங்கிலாந்தோடு நடந்த வணிகத் தடையில் பிரான்சில் காப்பி தட்டுப்பாடானது. அப்போது காப்பிக்குப் பதிலாக இது பெருகியது. நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகிறது. அதில் காபின் கிடையாது. கறுப்பு நிறமும், கருகிய சர்க்கரையின் தித்திப்பும், குழகுழப்பும் உண்டு. பிடித்தவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். யாரையும் நான் தடுக்கவில்லை. ஆனால் அது காப்பி இல்லை. காப்பியை விட மிகவும் மலிவான ஒரு வேர். அதைக் காப்பி விலைக்கு வாங்கிக்கொண்டு, "திக்கா இருக்கு" என்று பாராட்டவும் செய்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

மதினி, கோபப்பட வேண்டாம். "திக்கு" என்று நீ சொல்வதில் பெரும்பகுதி சிக்கரியின் குணம். டிக்காஷன் மைபோல இறங்கினால் காப்பி அதிகம் என்று நினைக்கிறோம். உண்மையில் வேர்தான் அதிகம். கறுப்பை வைத்துக் காப்பியை எடைபோட நம்மைப் பழக்கியதே அந்த வேர்தான். பழகிய நாக்கு பிறகு நல்ல காப்பியைக் குடித்தால் "தண்ணியா இருக்கே" என்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைப்படி, காப்பி சிக்கரிக் கலவையில் காப்பி எடையில் 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று கவரில் அச்சிட வேண்டும். இதைத் திருப்பி வாசியுங்கள். 49 சதவீதம் வேர்த்தூள் இருந்தாலும் சட்டப்படி சரி. கவரின் முன்பக்கம் ஆவி பறக்கிற டம்ளர் படம் பெரிதாக இருக்கும். இந்த எண் எங்கே, எந்த அளவு எழுத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். இன்ஸ்டன்ட் பாட்டிலும் இதற்கு விலக்கு இல்லை. பலவற்றில் சிக்கரி உண்டு.

ஒரு சின்னக் கணக்கு. விலையைக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். காப்பித்தூள் கிலோ 800 ரூபாய், சிக்கரி கிலோ 200 ரூபாய். கடைக்காரரின் லாபமும் கூலியும் இரண்டிலும் அடக்கம். 60-க்கு 40 கலந்தால் ஒரு கிலோ கலவையின் நியாயமான விலை 480-ம் 80-ம் சேர்த்து 560. அதை 700-க்கு வாங்கினால் கிலோவுக்கு 140 ரூபாய் வீண். மாதம் அரை கிலோ என்றால் வருஷத்துக்கு 840 ரூபாய். உங்கள் கடையின் விலையைப் போட்டு இதே கணக்கை நீங்களே செய்யுங்கள். நாலாம் வகுப்புக் கணக்குதான்.

காப்பி விலை ஏறும்போது இன்னும் கவனம் வேண்டும். கவரின் விலையை ஏற்றினால் நாம் சண்டைக்குப் போவோம். கலவையில் வேரை ஐந்து சதவீதம் ஏற்றினால் நமக்குத் தெரியவே தெரியாது. அந்த எண்ணை வாசிக்காதவனுக்கு விலை ஏறியதே தெரியாது.

"கும்பகோணம் டிகிரி காப்பி" என்று நாலுவழிச் சாலை நெடுக போர்டு இருக்கிறதே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிகிரி என்பது பாலைக் கருவி விட்டு அளந்த அளவு என்பார்கள். வேறு கதையும் சொல்வார்கள். எந்தக் கதையை எடுத்தாலும் அந்தப் போர்டில் கொட்டையின் பேர் இல்லை. பித்தளை டபரா பளபளக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

இனி உங்கள் எதிர்வாதங்களுக்கு வருகிறேன். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

"பாலும் சர்க்கரையும் போட்ட பிறகு எந்தக் கொட்டைன்னு யாருக்குத் தெரியும் டீச்சர்?" தெரியும். பாலுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கிற குணம் ரோபஸ்டாவுக்கு உண்டு. மணம் தருவது அராபிகா. முக்கால் பங்கு பிளான்டேஷன், கால் பங்கு ரோபஸ்டா போட்டு அரைத்துப் பாருங்கள். சிக்கரி இல்லாமலே பால் காப்பி கனமாக இருக்கும். அதனால்தான் ரோபஸ்டாவைக் கழிவு என்பவர்கள் மேல் எனக்குக் கோபம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஐந்து காப்பிகளில் வயநாடு ரோபஸ்டாவும் ஒன்று. கழிவுக்கா குறியீடு கொடுப்பார்கள்?

"ஏழைபாழைகள் விலையைப் பார்ப்பாங்களா, ரகத்தைப் பார்ப்பாங்களா?" இது நியாயமான கேள்வி. ஆனால் கேட்பதற்குக் காசு செலவில்லையே. சொல்லப்போனால் கையில் காசு குறைவாக இருப்பவர்தான் முதலில் கேட்க வேண்டும். கால் கிலோ கலவை வாங்குகிற காசுக்கு நூறு, நூற்றைம்பது கிராம் கலப்பில்லாத தூள் வாங்கலாம். பிளான்டேஷன் ஏ கட்டுப்படி ஆகாவிட்டால் பி வாங்குங்கள், சி வாங்குங்கள். உருவம்தான் சிறிது. அரைத்த தூள் நாளாக ஆக மணம் இழக்கும். ஆகவே குறைவாக, அடிக்கடி வாங்குவதே லாபம்.

"சிக்கரி நம்ம பாரம்பரியம்." எந்தப் பாரம்பரியம்? காப்பியே நம் ஊருக்குப் புது விருந்தாளி. அதற்கு முன்னால் காலையில் நம் வீடுகளில் நீத்தண்ணிதான். காப்பி நுழைந்தபோது அதைக் கெட்ட பழக்கம் என்று பெரியவர்கள் திட்டினார்கள். "அந்தக் காலத்தில் காப்பி இல்லை" என்று ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய புத்தகத்தை நூலகத்தில் எடுத்து வாசியுங்கள். ஐரோப்பாவில் தட்டுப்பாட்டுக்குக் கண்டுபிடித்த கலப்பை நம் பாட்டி சொத்துபோலப் பேசாதீர்கள். பாட்டி சொத்து வேறு ஒன்று இருக்கிறது. வரக்காப்பி.

சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற என் மாணவர்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள். நீங்கள் குடிக்கிற கடையில் முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, பலகையில் "மல்லிகை வாசம், ஆரஞ்சுத் தோல், பனைவெல்லம்" என்று எழுதிவைத்து, பால் கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார்களாம். அவர்களையும் நான் விடமாட்டேன். பால் இல்லாத காப்பி அவர்கள் கண்டுபிடித்தது மாதிரி என்ன பந்தா? கருப்பட்டி தட்டிப்போட்ட வரக்காப்பி நம் ஊரில் காய்ச்சல்காரனுக்கும் கொடுப்போம், துக்க வீட்டிலும் கொடுப்போம். இருந்தாலும் ஒரு விஷயத்துக்கு அவர்களைப் பாராட்டுவேன். எந்த மலை, எந்தச் செடி, எப்படிக் காயவைத்தது என்று எழுதி ஒட்டுகிறார்கள். அந்த வேலையை நம் ஊர்க் கடை பத்துப் பைசா செலவில்லாமல் ஒரு சிலேட்டில் எழுதிச் செய்யலாமே.

மலை என்றதும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. காப்பி என்றால் கூர்க், சிக்மகளூர் என்பதோடு நம் பிள்ளைகளின் பூகோளம் முடிந்துவிடுகிறது. கர்நாடகம் நாட்டின் விளைச்சலில் ஏறக்குறைய 70 சதவீதம் தருகிறது, உண்மைதான். தமிழ்நாட்டின் பங்கு 5 சதவீதம் அளவுக்குத்தான். ஆனால் நம் மாநிலத்தில் விளைவது பெரும்பாலும் அராபிகா. ஏற்காடு, நீலகிரி, வால்பாறை, எல்லாவற்றுக்கும் மேலாக நமக்குப் பக்கத்தில் கீழ்ப் பழனிமலை. மதுரை போய் வத்தலக்குண்டு பஸ் ஏறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர் என்று மலை முழுக்கக் காப்பி. மர நிழலில் காப்பி, மரத்தின் மேல் மிளகுக் கொடி, இடையே மலை வாழையும் ஆரஞ்சும். தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அடிவாரத்தில் பட்டிவீரன்பட்டி காப்பி பதப்படுத்துகிற ஊர். இந்தப் பேர்களில் ஒன்றையாவது எந்தக் காப்பித்தூள் கவரிலாவது பார்த்திருக்கிறீர்களா?

2019-இல் குறியீடு பெற்ற அந்த ஐந்து காப்பி எவை? கூர்க், சிக்மகளூர், பாபாபுதன்கிரி, வயநாடு, ஆந்திராவின் அரக்கு. தமிழ்நாட்டு மலை ஒன்றுகூட இல்லை. அதே வருஷம்தான் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குக் குறியீடு கிடைத்தது. பால்கோவாவுக்கு அந்தப் பெருமை எப்படி வந்தது? பல தலைமுறையாகச் சனங்கள் "ஸ்ரீவில்லிபுத்தூர்தானே?" என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். கேட்கிற வாய் இருந்தால் பேர் நிலைக்கும். காப்பிக்கு அந்த வாயை நாம் திறக்கவே இல்லை.

நஷ்டம் யாருக்கு? இந்தியாவில் காப்பித் தோட்டங்களில் எண்ணிக்கைப்படி 98 சதவீதத்துக்கு மேல் 10 ஹெக்டேருக்குக் குறைவான சிறு தோட்டங்கள். பங்குனி சித்திரையில் பூ மழை தவறினால் பூ கருகும். தண்டு துளைப்பான் வந்தால் செடியையே வெட்டி எரிக்க வேண்டும். அத்தனைக்கும் தப்பி, சிவந்த பழத்தை மட்டும் ஆய்ந்து ஆய்ந்து பறித்தாலும், பச்சையும் பழமுமாக உருவிப் போட்டவனின் மூட்டையோடு சேர்ந்து பேரில்லாத தூளாகிவிடுகிறது. நன்றாகச் செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே விலை என்றால் எவன் நன்றாகச் செய்வான்? நாட்டில் விளைவதில் ஏறக்குறைய 70 சதவீதம் ஏற்றுமதியாகிறது. இத்தாலிக்காரன் ரகம், அளவு, ஈரப்பதம் எல்லாம் கேட்டு வாங்குகிறான். நாம் "நல்லதா ஒரு கால் கிலோ" என்கிறோம். கேட்டவனுக்குக் கேட்டது போகிறது. கேட்காதவனுக்கு மிச்சம் வருகிறது.

கடைசியாக ஒன்று. இது காசுக் கணக்கைவிடப் பெரிய கணக்கு. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலையில் வெள்ளைக்காரர்கள் முதலில் போட்டது தேயிலை இல்லை, காப்பி. அங்கே கூலி வேலைக்குப் போனவர்கள் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளின் பஞ்சம் பிழைக்கப் போன சனங்கள். தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1869-இல் அங்கே இலைத்துரு நோய் கண்டது. சில பத்தாண்டுகளில் காப்பி அழிந்து, அதே மலையில் தேயிலை வந்தது. நோயைத் தாங்குகிற செடி வேண்டும் என்ற தேவையால்தான் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்த ரோபஸ்டா ஆசியத் தோட்டங்களுக்கு வந்தது. இன்றைக்கு நம் டம்ளரில் இரண்டு கொட்டை கலந்திருப்பதற்குப் பின்னால் இவ்வளவு சாவும் இருக்கிறது. நம் சனம் ரத்தம் சிந்திய பயிரின் பேரையாவது நாம் தெரிந்துகொள்ள வேண்டாமா?

சரி. வீட்டுப்பாடம் மூன்று.

ஒன்று. ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, உங்கள் வீட்டுத் தூளை ஒரு சிட்டிகை மேலே தூவுங்கள். கலக்காதீர்கள். காப்பித்தூள் மிதக்கும். சிக்கரி சில நொடியிலேயே செந்நிறக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இரண்டு. வீட்டிலிருக்கிற கவரைத் திருப்பி, காப்பி எத்தனை சதவீதம் என்ற எண்ணைத் தேடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கவரை அடுத்த தடவை வாங்காதீர்கள்.

மூன்று. வறுத்து அரைத்துத் தருகிற கடைக்குப் போய் இப்படிக் கேளுங்கள்: "அண்ணாச்சி, பிளான்டேஷன் முக்கால், ரோபஸ்டா கால், சிக்கரி வேண்டாம். நூறு கிராம். எந்த மலைக் கொட்டை?" கடைசிக் கேள்விக்கு முதல் நாள் பதில் வராது. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் வரும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்வேன். எழுத்துப்பிழை இருந்தால் அதையும் திருத்துவேன், அது பழக்கதோஷம். "சூப்பர் டீச்சர்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். தண்ணீரில் தூவிப் பார்த்து என்ன ஆனது என்று எழுதுங்கள்.